ஞானாம்பாள் ஏற்றாத விளக்கு

அவர் உள்ளே நுழைந்தபோது குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து முகத்திலும் திரி போட்டு, எண்ணெய் தளும்பத் தளும்ப, நன்றாகவே எரிந்தது.

அவர் கையில் எங்கள் மாதர் சங்கத்தின் அழைப்பிதழ் இருந்தது. ரோஸ் நிறத் தாள். 'திருவிளக்கேற்றிச் சிறப்பிப்பவர்: ஸ்ரீமதி ஞானாம்பாள் அம்மையார்' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தோம். அவர் விளக்கைப் பார்த்தார். அழைப்பிதழைப் பார்த்தார். மறுபடியும் விளக்கைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்கம்மா உக்காரணும்?" என்று கேட்டார்.

நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் கரண்டியும் கையுமாக நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மேடை தெரியும், மேடையிலிருந்து பார்த்தால் என்னைத் தெரியாது. அவர் தாளை மடித்ததைப் பார்த்ததும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்றெல்லாம் கதைகளில் வரும். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பால் பொங்கிவிடப் போகிறதே என்று சொல்லிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். வெட்கம் வந்தால் வேலை செய்கிற ரகம் நான்.

போன வாரம் எங்கள் புத்தூர் வீட்டுக் கோழியைப் பற்றி எழுதியதைப் படித்து, ஒரு வாசகி விழுந்து விழுந்து சிரித்தாராம். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் கம்மிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கூஜா வந்துடுச்சு!'

மனித உரிமை என்று இன்றைக்கு எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்த ஐம்பதுகளில் அந்தச் சொல் எங்கள் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஞானாம்பாள் அம்மா வாயிலிருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. "ஒருத்தரைப் புடிச்சு அடைச்சு வெச்சா, எதுக்குன்னு சொல்லணும்ல?" என்பாராம். அவருடைய சட்டப் புத்தகம் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

உறையூரில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்தவர். அப்புறம் வேலையை விட்டார் என்றும் சொல்வார்கள், விட வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலைக்குச் சம்பளம் கிடையாது. வசவு மட்டும் உண்டு.

எடுப்புக் கக்கூஸ் காலம் அது. சுத்தம் செய்ய வரும் பெண்கள் கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து, அதே வழியாகப் போய்விடுவார்கள். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்றுகூட வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் யார் வீட்டிலாவது ஒரு கிண்ணம் காணாமல் போனால் போதும், முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுவார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. கேட்டால், 'விசாரணை' என்பார்கள்.

தகவல் தெரிந்ததும் ஞானாம்பாள் அம்மா கிளம்பிவிடுவார். ஒரு பித்தளைக் கூஜா நிறையத் தண்ணீர், ஒரு பனையோலை விசிறி, ஒரு கோரைப் பாய். ஸ்டேஷன் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். சத்தம் போடமாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அதிகாரி யாராவது உள்ளே போனாலும் வெளியே வந்தாலும், "ஐயா, உள்ள இருக்கற பொண்ணு பேரு என்னாங்க? என்ன குத்தம்ங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்பார். பதில் வருகிறவரை கேட்டுக்கொண்டே இருப்பார். தூரத்தில் அவரைக் கண்டதுமே, "கூஜா வந்துடுச்சுடா!" என்று அங்கே இருப்பவர்கள் முனகுவார்களாம்.

காளியம்மா என்று ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண். ஒரு பெரிய வீட்டுச் சங்கிலி காணோம் என்று அவளைப் பிடித்துப்போய் வைத்திருந்தார்கள். ஞானாம்பாள் அம்மா வாசலில் உட்கார்ந்தார். யாரோ இழுத்துத் தள்ளியதில் படியிலிருந்து உருண்டு விழுந்து, இடது முழங்கை முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து அதே பாயில் உட்கார்ந்தாரே, அதுதான் அந்த அம்மா. விஷயம் கோர்ட்டு வரைக்கும் போனது. சங்கிலி அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்தது. காளியம்மாவை விட்டுவிட்டார்கள். பேப்பரில் 'ஸ்ரீமதி ஞானாம்பாள் அம்மையாரின் துணிவு' என்று போட்டார்கள். படம் போடவில்லை.

எங்கள் அண்ணி அதைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு பொம்பளை நம்ம ஊர்ல இருக்காங்க, நாம இன்னும் ஊறுகாய்ப் போட்டி வெச்சுக்கிட்டு இருக்கோம் பாரு" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான் அந்தப் பாராட்டு விழா. நல்ல எண்ணத்தில் ஆரம்பித்தது. அதை நான் சொல்லியே ஆகவேண்டும்.

அண்ணனின் 'பாக்கலாம்'

இதில் எனக்கு ஒரு சுயநலம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தார். விஷக் காய்ச்சல் வந்து போய்விட்டார். எனக்கு அப்போது இருபது நடந்துகொண்டிருந்தது. புத்தூரில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் பொன்மலை ஒர்க்ஷாப்பில் குமாஸ்தா. அவர் என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அண்ணியும் அப்படித்தான். எனக்கு என்று தனியாக வெள்ளைச் சேலை எடுக்கும்போதுகூட, மெல்லிசாக ஒரு நீலக் கரை இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் மல்லுக்கட்டி வாங்கி வருவாள். பிறகு நான் சமையல்கட்டுக்குள் போய்விடுவேன். வீட்டுக்கு யாராவது வந்தால் வெளியே வரமாட்டேன். வராதே என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே ஒதுங்கிக்கொள்வேன். காலையில் பால்காரர் முகத்தில் விழிப்பதற்குக்கூட எனக்குக் கூச்சம். என்னமோ நான்தான் தப்புப் பண்ணிவிட்ட மாதிரி.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் கூட்டிக்கொண்டு வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். விழா முடிந்து வருகிற திங்கட்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. அண்ணனிடம் கேட்டேன்.

"பாக்கலாம்" என்றார்.

எங்கள் அண்ணன் 'பாக்கலாம்' என்று சொன்னால் அது நடக்காது என்று அர்த்தம். சினிமாவுக்குப் போகலாமா என்றாலும் பாக்கலாம், கிணற்றுக்கு ராட்டினம் மாற்றலாமா என்றாலும் பாக்கலாம். இதில் ஊர் என்ன பேசும் என்கிற பயம் வேறு. சின்ன வயது, தாலி இல்லாத பெண், தினம் பஸ் ஏறிப் போய் வந்தால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்களே என்று ராத்திரி அண்ணியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஞானாம்பாள் அம்மா சொன்னால் அண்ணன் கேட்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஸ்டேஷனையே அசைத்தவர், எங்கள் அண்ணனை அசைக்க மாட்டாரா? அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று மாவாட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வாழ்த்து மடலை எழுதியதும் நான்தான். மேடையில் வாசித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்களே, அது. சங்கத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அண்ணிக்குப் பெருமை. 'இருளகற்ற வந்த திருவிளக்கே!' என்று ஆரம்பித்து, தெரிந்த நல்ல வார்த்தையை எல்லாம் கொட்டி வைத்தேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் அதிகம்தான்.

ஆடி வெள்ளி

விழாவுக்கு ஆடி வெள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு எல்லாப் பெண்களும் தலைக்குக் குளித்துப் பட்டுக் கட்டியிருப்பார்கள், கூட்டத்துக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை என்று கணக்கு. இடம் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு சத்திரம். எங்கள் சங்கத் தலைவி பெருந்தேவி மாமி அந்த ஊர்க்காரர், இலவசமாகவே பிடித்துக் கொடுத்துவிட்டார்.

நானும் அண்ணியும் காலையிலேயே பாத்திரம் பண்டத்தோடு பஸ் ஏறினோம். காவிரியில் செந்தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் ஆடிக் காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. சத்திரத்துக்குள் நுழைந்ததும் அண்ணி என் தோளைத் தொட்டு, "வடிவு, நீ உள்ளயே பாத்துக்கம்மா. வெள்ளிக்கிழமை பாரு, எல்லாரும் வருவாங்க" என்றாள். எவ்வளவு பிரியமாகச் சொன்னாள் தெரியுமா? கோபப்படக்கூட வழியில்லை.

கோட்டை அடுப்பு மூட்டி, சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் செய்தேன். காபிக்குப் பால் ஏற்றினேன். கூட்டம் நிரம்பிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மல்லிகையும் சந்தனமும் பட்டுச்சேலையும் சேர்ந்த வாசனை. இந்தப் பக்கம் விறகுப் புகை.

அப்போதுதான் உறையூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்: "விளக்கு ஏத்தறது ஞானாம்பாள்னு போட்டிருக்கீங்களே. அவங்க வீட்டுக்காரர் தவறிப் போய் வருஷக்கணக்காச்சே?"

பேப்பரில் ஸ்ரீமதி என்று போட்டிருந்ததை வைத்துக்கொண்டு, சங்கத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நேரில் போய் அழைத்து வந்தவர் அண்ணனுடைய ஆபீஸ் நண்பர். ஆம்பிளைக்கு நெற்றியைப் பார்க்கத் தோன்றியிருக்காது.

பெருந்தேவி மாமி அண்ணியை இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். நான் அங்கே நிற்பதை இருவருமே கவனிக்கவில்லை.

"ஏன்டி கமலா, கேட்டியோ? ஆடி வெள்ளிக்கிழமையும் அதுவுமா! சுமங்கலிகள் அத்தனை பேர் வந்திருக்கா. அவா கையாலே திருவிளக்கு ஏத்தினா ஒவ்வொருத்தியும் என்ன நெனைச்சுப்பா?"

"அச்சடிச்சாச்சே மாமி."

"அச்சடிச்சா அடிச்சுட்டுப் போறது. அவா வர்றதுக்கு முன்னாடியே நாம ஏத்திடுவோம். வர்றச்சே எரிஞ்சுண்டிருக்கட்டும். நேரமாச்சு, அதான் ஏத்திட்டோம்னு சொல்லிக்கலாம். யார் கேக்கப் போறா? பெருமாள் க்ஷமிப்பார்."

அண்ணி கையைப் பிசைந்துகொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வெள்ளித் தட்டில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் சொம்பு எல்லாம் எடுத்து வைத்தவர்கள், தீப்பெட்டியை மறந்துவிட்டார்கள்! சமையல்கட்டில் இருந்த ஒரே தீப்பெட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீர் தெறித்து நமுத்துப் போயிருந்தது. அண்ணி சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒரு திரியை எண்ணெயில் நனைத்து, என் அடுப்பில் காட்டிப் பற்றவைத்து, முந்தானையால் காற்றை மறைத்தபடி மேடைக்குக் கொண்டுபோனாள். மாமி அதை வாங்கி ஐந்து முகத்தையும் ஏற்றினார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்த அடுப்பை அன்று காலையில் மூட்டியது நான். அண்ணி அதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பு வரும்போலவும் இருந்தது, அழுகை வரும்போலவும் இருந்தது.

கோட்டை அடுப்புக்கு முன்னால்

பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். ஞானாம்பாள் அம்மா வந்தார். கறுப்பாக, குள்ளமாக, வெள்ளைச் சேலையில் இருந்தார். வாசலில் குங்குமத் தட்டோடு நின்ற பெண் அவரைப் பார்த்ததும் தட்டை மெல்ல முதுகுப் பக்கம் கொண்டுபோனாள். பன்னீர் மட்டும் தெளித்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கடவுள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தபோது மேடையை விட்டு இறங்கி, கூஜாவும் கையுமாக நேரே சமையல்கட்டுக்குள் வந்துவிட்டார்.

"ஏம்மா, குடிக்கத் தண்ணி கொஞ்சம் ரொப்பித் தர்றியா?"

இத்தனை நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. கூஜாவை வாங்கினேன். "மன்னிச்சுக்குங்கம்மா" என்றுதான் வந்தது.

"எதுக்கு?"

"விளக்கு... நீங்க ஏத்தறதுன்னு போட்டுட்டு..."

"ஓ, அதுவா!" என்றார். என் நெற்றியையும் கையையும் ஒரு பார்வை பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பலகையை இழுத்துப் போட்டு அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தார். இடது கை மடங்கியபடியே மடியில் கிடந்தது.

"இந்த அடுப்பை யாரு பத்த வெச்சா?"

"நான்தாங்க."

"பொங்கல் பண்ணது?"

"நான்தாங்க."

"அதை எல்லாரும் சாப்பிடுவாங்கள்ல? அடுப்பு மூட்டலாம், விளக்கு மூட்டக் கூடாது. என்னா நியாயம் பாரு!" என்று சிரித்தார்.

அப்போது எனக்கு என்ன தைரியம் வந்ததோ, திரி கதையைச் சொல்லிவிட்டேன். தீப்பெட்டி நமுத்தது, அண்ணி என் அடுப்பில் திரியைக் காட்டிக் கொண்டுபோனது எல்லாம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அடி சக்கை! அப்ப அங்க எரியறது உன் நெருப்பா? இரு, இப்பவே மேடையில போய்ச் சொல்றேன். அம்மா தாய்மாரே, நீங்க கும்புட்ட தீபம் எங்கேருந்து வந்துச்சு தெரியுமான்னு கேக்கறேன். இதைவிடப் பெரிய பிரசங்கம் நான் என்னத்தைப் பண்ணப் போறேன்?"

எழுந்தேவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வளைந்த கை என்று அப்புறம்தான் உறைத்தது.

"வேண்டாம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சொல்லாதீங்க."

"ஏன்?"

அழுதுகொண்டே சொன்னேன். பயிற்சிப் பள்ளி, திங்கட்கிழமை, அண்ணனின் 'பாக்கலாம்', அண்ணி வாசிக்கப்போகிற மடல் நான் எழுதியது என்பதுவரை எல்லாம். சபையில் அண்ணி தலைகுனிந்தால் அண்ணன் என்னை வாசற்படி தாண்ட விடமாட்டார் என்று சொன்னேன். அந்தக் கூட்டம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்க்கும் என்கிற பயமும் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

அவர் சிரிப்பு நின்றது. மேடைப்பக்கம் பார்த்தார். பாட்டு முடிந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, அழுவாத. தண்ணியக் குடு" என்றார்.

வாழ்த்து மடல்

அண்ணி வாழ்த்து மடல் வாசிக்க எழுந்தாள். நல்ல குரல் அவளுக்கு. "இருளகற்ற வந்த..." என்றவள் அங்கே நின்றுவிட்டாள். ஞானாம்பாள் அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்காவது விஷயம் தெரியும். முன்வரிசையில் பட்டுச்சேலைகள் எல்லாம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு "திருவிளக்கே" என்று எனக்கே கேட்காத குரலில் சொல்லி முடித்தாள். அந்த வரியை எழுதியவள் நான். கதவுக்குப் பின்னால் நான் நின்ற நிலையை என்னவென்று சொல்ல! அவரை நிற்க வைத்து அறைந்த மாதிரி இருந்தது, என் முத்து முத்தான கையெழுத்தால்.

பொன்னாடையை மாமி அவர் தோளில் போர்த்தவில்லை, கையில் கொடுத்தார். மாலையும் கைக்குத்தான் வந்தது. அவர் எல்லாவற்றையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பேச எழுந்தார். நான் அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டேஷன் வாசலில் தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்பாராமே, அந்தக் குரல் வந்துவிடுமோ என்று.

வரவில்லை. "இவ்வளவு பேரு வந்ததுக்குச் சந்தோசம். காளியம்மா கதை பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்தப் பொண்ணுக்கு ஆம்பளைப் புள்ளை பொறந்திருக்கு. உங்க வீட்டுக்கு வர்றவங்க முகத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. வேற ஒண்ணும் இல்ல. விளக்கு நல்லா எரியுது. வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஜனங்களுக்குச் சப்பென்று போயிற்று. சுண்டல் வாங்க வந்த ஒருத்தி இன்னொருத்தியிடம், "இவ்ளோ சாதுவா இருக்காங்களே. இவங்களா போலீஸோட மல்லுக்கு நின்னாங்க?" என்றாள். எனக்கு அந்தக் கரண்டியாலேயே அவளுக்கு ஒன்று போடலாம் போல இருந்தது. போடுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? அவர் வாயைக் கட்டியவளே நான்தானே.

கூட்டம் கலைந்த பிறகு அவர் வாசல் பக்கம் போனார், நானும் சற்றுத் தள்ளிப் பின்னால் போனேன். எங்களைக் கூட்டிப்போக வந்த அண்ணன் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை.

"தம்பி, அந்த மடலை எழுதினது உங்க தங்கச்சியாமே?"

"ஆமாங்கம்மா."

"எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. திங்கக்கிழமை நீங்களே கூட்டிக்கிட்டுப் போய் அந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துடுங்க. நானும் அங்க வந்து நிக்கிறேன்."

அண்ணன் விளக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த அம்மா கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார்.

"சரிங்கம்மா" என்றார்.

என் வாழ்க்கையில் அண்ணன் 'பாக்கலாம்' என்று சொல்லாத ஒரே நாள் அதுதான்.

அவர் குதிரை வண்டியில் ஏறும்போது, வழிக்குத் தண்ணீர் ரொப்பிய கூஜாவைக் கொடுக்கப் போனேன். மெதுவாகச் சொன்னார்: "கோவத்துல இருக்கறவங்ககிட்ட காரியம் ஆவாதும்மா. வெக்கப்பட்டு நிக்கறவங்ககிட்ட உடனே ஆவும். அதான் இன்னைக்கே கேட்டுட்டேன்." மாலையும் பொன்னாடையும் அவர் பக்கத்தில் கிடந்தன. வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில், எல்லோரும் பார்க்க நின்றது அன்றைக்குத்தான்.

வையம்பட்டிப் பக்கம்

சில வருஷம் கழித்து, அறுபதுகளில், சமயபுரம் போகிற பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். நான் டீச்சராகிவிட்டேன் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: "அன்னிக்கு என்னாலதானேம்மா பேசாம இருந்தீங்க?"

"ஆமா" என்றார் உடனே. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "எத்தனையோ வாசல்ல உக்காந்து கத்தியிருக்கேன். கத்தாம எழுந்து வந்தது அங்க ஒண்ணுதான். கொஞ்ச நாள் தூக்கம் புடிக்கல." சொல்லிவிட்டு, நான் முகம் சுருங்குவதைப் பார்த்து, "அடிப் போடி, நீ டீச்சர் ஆயிட்டல்ல?" என்று தொடையில் தட்டினார். அவர் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

எனக்கு வேலை வையம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். கூரைக் கட்டடம், வேர்க்கடலைக் காடு, மழை வந்தால் லீவு. ஆண்டு விழா வந்தது. ஹெட்மாஸ்டர் பிள்ளைகளைப் பெற்றவர்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு, "டீச்சர், வாங்க, விளக்கை ஏத்துங்க" என்று தீப்பெட்டியை நீட்டினார். எதையும் யோசிக்காமல் சொல்கிறாரா, யோசித்துத்தான் சொல்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. நான் முன்வரிசைப் பெண்களைப் பார்த்தேன். காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்தவர்கள், மடியில் குழந்தையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் பிள்ளைகளின் நாடகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதைத் தவிர அவர்கள் முகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

முதல் குச்சி உடைந்தது. அடுத்தது காற்றில் அணைந்தது. "மெதுவா ஏத்துங்க டீச்சர், அவசரமில்ல" என்றாள் ஒரு அம்மாள். இன்னொரு குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்தேன்.

பற்றிக்கொண்டது.

அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை. யாருடைய தாலியும் அறுந்து விழவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹெட்மாஸ்டர் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் நாடகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரு மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சந்தோஷம் எங்கே? ஒரு குச்சி. ஒரு திரி. இந்த வேலைக்கா அந்த மனுஷியை, கையை ஒடித்துக்கொண்டு வந்தவரை, எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் அப்படி உட்கார வைத்தோம்?